வழக்குத் தொடர முடியாத வாடகைதாரர்

என்னிடம் முதுகலைப் பொருளியல் பயின்று, பின்னர் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த மாணவி ஒருவர் 2022-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பணிமாறுதலாகி நியூயார்க் சென்றார். ஐக்கிய நாடுகள் சபை தொடர்பான தூதுப் பணி. அரசுக் குடியிருப்பில் அப்போது இடம் காலியில்லாததால், வெளியே வாடகைக்கு வீடு பார்த்துக்கொள்ள அவருக்கு அனுமதி தரப்பட்டது. கணவரோடும் எட்டு வயது மகனோடும் தற்காலிகமாக ஒரு விடுதியில் தங்கியிருந்தார்.

வழியனுப்பியபோது இது பற்றி எனக்குக் கவலையே எழவில்லை. நம் ஊரில் வீடு தேடிப் போகிறவர் 'அரசாங்க உத்தியோகம்' என்று சொன்னால் வீட்டுக்காரரின் முகம் மலர்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதிலும் இவர் ஓர் அரசின் பிரதிநிதி. வாடகையைக் கொடுப்பதும் அந்த அரசுதான். இதைவிட நம்பகமான வாடகைதாரர் யார் இருக்க முடியும் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் தொலைபேசியில் பேசினார். 'சார், இதுவரை ஏழு வீடு பார்த்துவிட்டோம். வீடு பிடிக்கிறது, வாடகையும் அரசு அனுமதித்த வரம்புக்குள் வருகிறது. நான் தூதரக அதிகாரி என்று சொன்னதும் பேச்சு நின்றுவிடுகிறது. மறுநாள் கேட்டால், வேறு ஒருவருக்கு முடிந்துவிட்டது என்கிறார்கள்' என்றார். அவர் குரலில் இருந்தது கோபமன்று, வியப்பு. எனக்கும் வியப்புதான். ஆனால், சற்றே யோசித்தபோது, வகுப்பறையில் நான் ஆண்டுதோறும் நடத்திய பாடம் ஒன்றின் நடுவில் அவர் நின்றுகொண்டிருக்கிறார் என்பது புரிந்தது.

தூதரக அதிகாரிகளுக்கு உள்ள விலக்குரிமை பற்றி நாம் அவ்வப்போது செய்திகளில் படிக்கிறோம். 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைதான் அதன் அடிப்படை. அதன் 31-ஆவது பிரிவின்படி, ஒரு தூதரக அதிகாரி மீது அவர் பணியாற்றும் நாட்டின் நீதிமன்றத்தில் குற்ற வழக்குத் தொடர முடியாது. மிகச் சில விதிவிலக்குகள் தவிர உரிமையியல் வழக்கும் தொடர முடியாது. 30-ஆவது பிரிவு, அவர் குடியிருக்கும் வீட்டுக்கும் தூதரகக் கட்டடத்துக்குரிய அதே பாதுகாப்பை அளிக்கிறது. அவர் அனுமதியின்றி அந்த நாட்டின் காவலரோ நீதிமன்ற அமீனாவோ உள்ளே நுழைய இயலாது. ஐ.நா. சபைக்கு அனுப்பப்படும் அதிகாரிகளுக்கும் 1947-ஆம் ஆண்டின் தலைமையக உடன்பாடு இத்தகைய உரிமைகளை வழங்குகிறது.

இவையெல்லாம் ஓர் அதிகாரியின் சொந்த வசதிக்காகத் தரப்பட்டவை அல்ல. பகை நாட்டில் பணியாற்றும் தூதரைப் பொய் வழக்குகளால் முடக்கிவிடக் கூடாது என்பதே நோக்கம். அந்த நோக்கத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால், இதே சட்டத்தை வீட்டு உரிமையாளரின் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். வாடகை வராமல் போனால் வழக்குப் போட முடியாது. காலி செய்ய மறுத்தால் வெளியேற்ற முடியாது. சமையலறையில் தண்ணீர் ஒழுகிக் கீழ்வீட்டுக் கூரை பாழானாலும் இழப்பீடு கேட்டு நீதிமன்றம் போக முடியாது. இத்தகைய ஒருவருக்கு வீட்டுச் சாவியைக் கொடுப்பீர்களா?

இது வெறும் கற்பனை அச்சமும் அன்று. நியூயார்க் மூன்றாவது அவென்யூவில் உள்ள ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு தளத்தை அன்றைய ஜயர் நாட்டின் ஐ.நா. தூதுக்குழு வாடகைக்கு எடுத்திருந்தது. வாடகை நின்றது. பாக்கி ஏறியது. கட்டட உரிமையாளர் வழக்குத் தொடர்ந்தார். கீழமை நீதிமன்றம் பாக்கியைச் செலுத்தவும் இடத்தைக் காலி செய்யவும் உத்தரவிட்டது. 1993-ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் பணம் தர வேண்டும் என்ற பகுதியை உறுதி செய்து, வெளியேற்றும் உத்தரவை ரத்து செய்தது. தூதுக்குழுவின் இடம் மீறப்பட முடியாதது என்பதுதான் காரணம். அந்த வழக்கில் அமெரிக்க அரசே ஜயரின் நிலைப்பாட்டை ஆதரித்தது. இன்று நியூயார்க்கில் ஒரு தூதுக்குழுவை வெளியேற்றினால், நாளை ஏதோ ஒரு தலைநகரில் அமெரிக்கத் தூதரகத்துக்கும் அதே கதி நேரலாம் என்ற கணக்கு அதில் இருந்தது. கணக்கு சரிதான். ஆனால், அதற்கான விலையைக் கொடுத்தவர் தனியார் கட்டட உரிமையாளர்.

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் தாமஸ் ஷெல்லிங் 1960-ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் ஒரு நுட்பமான கருத்தை முன்வைத்தார். பிறர் நம் மீது வழக்குத் தொடர முடியும் என்பதை நாம் ஒரு தொல்லையாகவே கருதுகிறோம். உண்மையில் அது ஒரு வலிமை. சொன்ன சொல் தவறினால் நீதிமன்றத்துக்கு இழுக்கப்படுவோம் என்பதால்தான் நம் சொல்லை முன்பின் அறியாதவர் நம்புகிறார், கடன் தருகிறார், வீடு தருகிறார். அந்தத் தண்டனைக்கு ஆட்படாதவரின் வாக்குறுதி, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், சந்தையில் செல்லாத நாணயம். என் மாணவிக்கு நேர்ந்தது இதுதான். அரசு அவருக்குக் கொடுத்த கேடயம், அவருடைய வாக்குறுதியின் மதிப்பைப் பறித்துக்கொண்டது.

நியூயார்க் வாடகைச் சந்தையின் வழக்கங்கள் இதை இன்னும் கடுமையாக்கின. அங்கே மாத வாடகையைப் போல் நாற்பது மடங்கு ஆண்டு வருமானம் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான உரிமையாளர்கள் கடைப்பிடிக்கும் எழுதப்படாத விதி. 2022-ஆம் ஆண்டுக் கோடையில் மன்ஹாட்டன் பகுதியின் இடைநிலை வாடகையே மாதம் 4,000 டாலரைத் தாண்டியது. அப்படியானால் 1,60,000 டாலர் ஆண்டு வருமானம் காட்ட வேண்டும். இல்லையென்றால் எண்பது மடங்கு வருமானமுள்ள உள்ளூர் பிணையாளர் ஒருவரைக் கொண்டுவர வேண்டும். நம் வெளியுறவு அதிகாரியின் சம்பளச் சீட்டில் அடிப்படை ஊதியமும் வெளிநாட்டுப் படியும் இருக்கும். அரசு தனியே கொடுக்கும் வாடகை அதில் இருக்காது. அமெரிக்கக் கடன் மதிப்பெண்ணும் இருக்காது. நாட்டுக்கு நாடு மாறிக்கொண்டே இருப்பவருக்கு எந்த ஊரிலும் கடன் வரலாறு சேர்வதில்லை.

கூட்டுறவுக் குடியிருப்புகள் என்றொரு வகை அங்கே உண்டு. கட்டடத்தில் குடியிருப்போரே பங்குதாரர்கள்; அவர்கள் தேர்ந்தெடுக்கும் குழு சம்மதித்தால்தான் உள்ளே போக முடியும். காரணம் சொல்லாமலே மறுக்க அந்தக் குழுவால் முடியும். அத்தகைய கட்டடங்களின் பக்கமே போக வேண்டாம் என்று முதல் நாளே தரகர் சொல்லிவிட்டாராம்.

அடுத்த முறை பேசியபோது மாணவி சொன்ன செய்திதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. 'ஆறு மாத வாடகையை முன்பணமாகத் தருகிறோம் என்று கேட்டுப் பார்த்தேன் சார். வாங்கமாட்டேன் என்கிறார்கள். வாங்கினால் சட்ட விரோதமாம்' என்றார். உண்மைதான். நியூயார்க் மாநிலம் 2019-ஆம் ஆண்டு ஜூனில் இயற்றிய வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம், முன்பணத்தை ஒரு மாத வாடகையோடு நிறுத்திவிட்டது. சென்னையில் பத்து மாத முன்பணம் கேட்ட வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது பொற்காலம் போலத் தோன்றும். ஏழை வாடகைதாரரை நோக்க அது நல்ல சட்டமே. ஆயினும் முன்பணம் என்பது நம்பிக்கையின்மைக்குக் கொடுக்கும் விலை. அந்த விலையைச் சட்டம் தடை செய்யும்போது நம்பிக்கையின்மை மறைந்துபோவதில்லை. உரிமையாளர் ஒரு மாத முன்பணத்துக்குள் அடங்காத ஆபத்துடைய எவரையும் ஏற்காமல் ஒதுக்கிவிடுகிறார். கடன் வரலாறு இல்லாத புதுக் குடியேறியும் வெளிநாட்டு மாணவரும் தூதரக அதிகாரியும் ஒரே வரிசையில் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். விலையைக் கட்டுப்படுத்தினால் பொருள் மறையும் என்று முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். இங்கே மறைந்தது வீடு.

இன்னொரு வீட்டில் பேச்சு சற்றுத் தொலைவு போயிற்று. உரிமையாளரின் முகவர் ஒரு தாளை நீட்டி, 'என் விலக்குரிமையைக் கைவிடுகிறேன்' என்று எழுதிக் கையொப்பமிடச் சொன்னார். மாணவி மறுத்துவிட்டார். அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. வியன்னா உடன்படிக்கையின் 32-ஆவது பிரிவின்படி, விலக்குரிமை அதிகாரிக்குச் சொந்தமானதன்று; அவரை அனுப்பிய அரசுக்குச் சொந்தமானது. கைவிடுவதானால் அந்த அரசுதான் வெளிப்படையாகக் கைவிட வேண்டும். அப்படியே வழக்குக்கு ஒப்புக்கொண்டாலும், தீர்ப்பை நிறைவேற்றுவதற்குத் தனியே இன்னொரு முறை ஒப்புதல் தர வேண்டும். ஆக, அவர் போடும் கையொப்பத்துக்குச் சட்ட மதிப்பு எதுவும் இல்லை. இதை அவர் விளக்கிச் சொன்னார். அத்தோடு அந்த வீடும் கைநழுவியது.

இதில் உள்ள முரணைக் கவனியுங்கள். விதி தெரியாதவரோ, தெரிந்தும் பொய் சொல்லத் தயங்காதவரோ அந்தத் தாளில் கையொப்பமிட்டு வீட்டைப் பெற்றிருப்பார். உண்மையைச் சொன்னவர் வெளியே நின்றார். ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ஆம் ஆண்டு பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் விளக்குகிறது. நல்லது எது, கெட்டது எது என்று வாங்குபவர் பிரித்தறிய முடியாத சந்தையில், நல்ல சரக்கு மெல்ல விலகிவிடும், கெட்டது தங்கிவிடும். 2001-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்த ஆய்வு அது.

தூதரக அதிகாரிகளிடையே அப்படி வேறுபாடு உண்டா என்று கேட்கலாம். உண்டு. அதற்கும் நியூயார்க் நகரமே சான்று தருகிறது. ரேமண்ட் ஃபிஸ்மன், எட்வர்ட் மிகேல் என்ற இரு பொருளியலாளர்கள், தூதரக வாகனங்கள் விதி மீறி நிறுத்தப்பட்டதற்காக விதிக்கப்பட்ட அபராதங்களை ஆராய்ந்தார்கள். 1997 முதல் 2002 வரையிலான ஐந்தாண்டுகளில் கட்டப்படாத அபராதச் சீட்டுகள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டின. பாக்கித் தொகை ஏறத்தாழ 1.8 கோடி டாலர். விலக்குரிமை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால், நார்வே, ஸ்வீடன் ஆகிய நாடுகளின் அதிகாரிகள் ஒரு சீட்டைக்கூடக் கட்டாமல் விடவில்லை. வேறு சில நாட்டு அதிகாரிகளோ ஆளுக்கு நூற்றுக்கும் மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். 2002-ஆம் ஆண்டு இறுதியில், வாகனத்தை இழுத்துச் செல்லவும் தூதரக எண் பலகையைப் பறிக்கவும் அந்நாட்டுக்கான அமெரிக்க உதவித் தொகையிலிருந்து பாக்கியைப் போல் 110 விழுக்காடு பிடித்தம் செய்யவும் வழி செய்யப்பட்டது. அதன்பின் கட்டப்படாத அபராதங்கள் ஏறத்தாழ முற்றிலும் நின்றுபோயின. விலக்குரிமையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வேறு வழியில் ஒரு விளைவு உண்டு என்ற நிலை வந்தது, அவ்வளவே.

வீட்டு உரிமையாளரிடம் இத்தகைய புள்ளிவிவரம் கிடையாது. ஒருவரிடம் ஏமாந்தவர், அல்லது ஏமாந்த கதையைக் கேட்டவர், எல்லோரையும் மறுக்கிறார். ஒரு நாட்டு அதிகாரி வைத்த பாக்கிக்கு இன்னொரு நாட்டு அதிகாரியின் பிள்ளை விடுதி அறையில் பாடம் படிக்கிறான். மாணவியின் மகன் நிலை அதுவாகத்தான் இருந்தது. அங்கே அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை முகவரியை வைத்தே மாணவரைச் சேர்க்கின்றன. வாடகை ஒப்பந்தம் இல்லாமல் முகவரிச் சான்று இல்லை. சான்று இல்லாமல் பள்ளி இல்லை. செப்டம்பரில் பள்ளி திறந்துவிடும்.

இதே விலக்குரிமை தில்லியில் நேர்மாறாக வேலை செய்வதையும் சொல்லியாக வேண்டும். வசந்த் விஹார், சாந்தி நிகேதன், ஜோர் பாக் பகுதிகளில் 'தூதரகத்தினருக்கு முன்னுரிமை' என்ற வாடகை விளம்பரத்தை யாரும் பார்க்கலாம். நியூயார்க்கில் விரட்டப்படுகிறவர் தில்லியில் வரவேற்கப்படுவது ஏன்? நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 86-ஆவது பிரிவின்படி, ஓர் அயல்நாட்டு அரசின் மீதோ அதன் தூதர் மீதோ வழக்குத் தொடர மத்திய அரசின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை. எனவே, தில்லி உரிமையாளரின் சட்டப் பாதுகாப்பு நியூயார்க்காரரின் பாதுகாப்பைவிட உயர்ந்தது என்று சொல்ல இடமில்லை. வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. நம் ஊரில் சாதாரண வாடகைதாரர் காலி செய்ய மறுத்தாலும் வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். 1958-ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வளர்த்த அச்சம், மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகைகள் 1988-இல் அச்சட்டத்திலிருந்து விலக்கப்பட்ட பிறகும் மறையவில்லை. எப்படியும் நீதிமன்றம் உதவாது என்றால், வழக்குத் தொடர முடியாத வாடகைதாரரால் புதிதாக என்ன நட்டம்? மாறாக, மூன்றாண்டில் பணிமாறுதல் வந்து அவர் கிளம்பிவிடுவார் என்பது உறுதி. வாடகையும் தூதரகத்திலிருந்து வரும். நியூயார்க்கில் நீதிமன்றம் ஓரளவு விரைவாக இயங்குவதால்தான், அதற்குக் கட்டுப்படாதவர் அங்கே ஆபத்தானவராகத் தெரிகிறார். நம் நீதிமன்றங்களின் தாமதம் அயல்நாட்டுத் தூதர்களுக்கு வீடு பிடித்துக் கொடுக்கிறது என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாதுதான்.

உரிமையாளர் பக்கத்தில் இன்னொரு நியாயமான குறையும் உண்டு. தூதரக அதிகாரிகளின் வாடகை ஒப்பந்தங்களில், பணிமாறுதல் வந்தால் ஓரிரு மாத அறிவிப்போடு விலகிக்கொள்ளலாம் என்ற பிரிவை வழக்கமாகச் சேர்க்கிறார்கள். அதிகாரிக்கு அது இன்றியமையாதது. ஆனால், அவர் விரும்பினால் போகலாம், விரும்பாவிட்டால் அனுப்ப முடியாது என்றால், ஒப்பந்தம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வியன்னா உடன்படிக்கையின் 21-ஆவது பிரிவு, தேவைப்படும்போது தூதரக உறுப்பினர்களுக்குத் தகுந்த குடியிருப்புக் கிடைக்க உதவுவதை வரவேற்கும் நாட்டின் கடமையாக்குகிறது. ஐ.நா. சபையில் 1971 முதல் இயங்கும் வரவேற்கும் நாட்டுடனான உறவுக் குழு, தூதுக்குழுக்களின் பாக்கிகள் பற்றியும் பேசுகிறது. நகர மேயரின் சர்வதேச விவகார அலுவலகமும் இருக்கிறது. இவை பயனற்றவை என்று சொல்லமாட்டேன். ஆயினும் உரிமையாளர் ஒருவரைச் சம்மதிக்க வைக்கக் கடிதம் போதாது. செல்லாமல் போன வாக்குறுதியைச் செல்ல வைக்க வேண்டும்.

அதற்கு நேரான வழி, ஒப்பந்தத்தில் அதிகாரி கையொப்பமிடாமல் அவருடைய அரசு கையொப்பமிடுவது. 1976-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், வணிக நடவடிக்கைகளைப் பொறுத்தவரை அயல்நாட்டு அரசின் மீது வழக்குத் தொடர இடமளிக்கிறது. ஜயர் வழக்கிலும் வாடகைப் பாக்கிக்கான தீர்ப்பு நிலைத்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தனி அதிகாரியிடம் பெற முடியாத தீர்ப்பை அரசிடம் பெறலாம். தொகையை வசூலிப்பது எளிதன்று. தூதரகச் சொத்துகளுக்குப் பாதுகாப்பு உண்டு. எனினும் வாடகை கட்டாத அரசு என்று ஒரு நீதிமன்றத் தீர்ப்பில் பெயர் ஏறுவதை எந்த அரசும் எளிதாக எடுத்துக்கொள்ளாது. அதிகாரி மூன்றாண்டில் போய்விடுவார். அவரது நற்பெயரும் அவரோடு போய்விடும். தூதுக்குழு அதே ஊரில் இருக்கும். அடுத்த அதிகாரிக்கும் அதற்கு வீடு வேண்டும். ஆகவே, ஒழுங்காக வாடகை கட்டுவதில் அதற்கு நிலையான அக்கறை உண்டு. இத்தகைய ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் பெறக் கோப்பு பல மேசைகளைக் கடக்க வேண்டியிருக்கும். அந்த வாரங்களில் விடுதிக்கு ஆகும் செலவும் அரசின் செலவுதான் என்பதை நிதிப் பிரிவுகள் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் மாணவிக்கு வீடு கிடைத்தது. மன்ஹாட்டனில் அன்று, ஆற்றுக்கு அப்பால் குயின்ஸ் பகுதியின் அஸ்டோரியாவில். கிரேக்கத்திலிருந்து இளமையில் வந்து குடியேறிய ஒரு முதியவர், கீழே தாம் குடியிருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விடுகிறார். நாற்பது மடங்கு வருமானம் பற்றியெல்லாம் அவர் கேட்கவில்லை. வாடகை எந்தத் தேதியில் வரும், யார் கையொப்பமிடுவார் என்ற இரண்டை மட்டும் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, கையொப்பமிடுவது எங்கள் அலுவலகம் என்று சொன்னதும், பணிமாறுதல் அறிவிப்புக் காலத்தை முப்பது நாளிலிருந்து அறுபது நாளாக்கிக் கேட்டுச் சம்மதித்துவிட்டார். பையனுக்குப் பள்ளியும் இரண்டு தெரு தள்ளிக் கிடைத்தது.

சென்ற ஆண்டு மாணவிக்கு வேறு நாட்டுக்கு மாறுதல் வந்தது. அறுபது நாள் அறிவிப்புக் கொடுக்கப் போனபோது அந்த முதியவர், 'உங்கள் இடத்துக்கு வருகிறவருக்கு வீடு வேண்டுமா?' என்று கேட்டாராம். இப்போது அந்த மாடியில் குடியிருப்பவர் அடுத்து வந்த அதிகாரி. புதிய ஒப்பந்தத்தில் குடியிருப்பவரின் பெயர் மாறியிருக்கிறது; கீழே பதிந்திருப்பது பழைய அலுவலக முத்திரைதான்.